பக்கத்தின் அடியில்

பழைய மளிகை அங்காடிதான் எங்கள் கல்லூரி.
இறைச்சி தொங்கிய இடத்தில் உயிரியல் ஆய்வகம்.
காசு வாங்கிய இடத்தில் சேர்க்கை மேசை.
அதன் பின்னால் நான்.
தள்ளுவண்டிகள் தேய்த்த தடம்
தரையைவிட்டு இன்னும் போகவில்லை.

நெப்ராஸ்காவில் ஆகஸ்டின் கடைசி வெள்ளி.
மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கிறது.
காற்று திரும்பினால்
மாட்டுத் தொழிற்சாலையின் வாடை
படிவங்களின்மேல் வந்து உட்காரும்.

நான் கேட்பது ஐந்தே கேள்வி.
பெயர், பிறந்த நாள், முகவரி,
கடைசியாகப் படித்த வகுப்பு,
என்ன படிக்க ஆசை.
நாலாவதில் தயங்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஐந்தாவதில்தான் தலை குனிகிறது.

இட்மான் வார்சமே
சான்றிதழ் எரிந்துவிட்டது என்றாள்.
பள்ளியில் நகல் இருக்குமே என்றேன்.
"பள்ளியும்தான்."
பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.
இங்கே வாய்ச்சொல் போதும்.
அதைச் சொல்லும்போதெல்லாம்
என் குரல் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது,
என் பணத்தில் விருந்து வைப்பதுபோல.

எவரிஸ்டோ ட்சோக்,
வயது ஐம்பத்திரண்டு.
எலும்பு பிரிக்கும் கத்தி
அவர் வலக்கை விரல் இரண்டை வளைத்து வைத்திருந்தது.
இடக்கையால் எழுதினார், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சுமை.
ஆசை என்ற இடத்தில்: குளிர்சாதனம்.
"பத்தொன்பது வருஷம் அந்தக் குளிருக்குள் நிற்கிறேன்.
அது எங்கிருந்து வருகிறது என்று
தெரிந்துகொள்ள வேண்டாமா?"

பிறகு பக்கத்தின் அடியில் விரல் வைத்தார்.
எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி.
படித்துக் காட்டுங்கள் என்றார்.
இனம், நிறம், மதம், பால்,
வயது, பிறந்த நாடு, உடற்குறை,
இவற்றில் எதன் பொருட்டும்
எவருக்கும் இடம் மறுக்கப்படாது.
பதினோரு வருடமாகக் கொடுக்கும் தாள்.
உரக்கப் படித்தது அன்றுதான்.

"வேண்டாம் என்று சொல்ல
இத்தனை வழியா இருந்தது?"

ஸ்டேப்ளரைத் தேடுவதுபோல்
இழுப்பறைக்குள் குனிந்துகொண்டேன்.

வகுப்பு இரவு ஒன்பது பத்துக்கு முடியும்.
கடைசிப் பேருந்து ஆறு நாற்பதுக்கு.
எப்படித் திரும்புவேன் என்று கேட்டார்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன், பென்சிலால்.
யார் படிப்பார்கள் என்று எனக்கே தெரியாது.

நாலரைக்கு டார்வின் ஹ்ருஷ்கா உள்ளே வந்தார்.
தானியம் தள்ளும் இயந்திரத்தில் கால் போனவர்.
கதவின் பொத்தான் பிப்ரவரிப் பனியில் செத்தது;
மூன்று முறை மனு போட்டாயிற்று.
யாரோ பையன் இழுத்துப் பிடித்ததால் சக்கரம் ஏறியது.

"கதவு எல்லோருக்கும் திறந்தது என்று
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறீர்களே,
நல்ல வாசகம்.
வெளியே நின்று ஏழு நிமிடம் படித்தேன்."
கோபமில்லாமல்தான் சொன்னார்.
அதுதான் சுட்டது.

நானும் இந்த மேசையின் அந்தப் பக்கம் நின்றவள்.
முப்பத்தெட்டு வயதில், இடுப்பில் பிள்ளையோடு.
இயற்கணிதத்தில் இருமுறை தோற்றேன்.
மூன்றாம் முறையும் சேர்த்துக்கொண்டார்கள்,
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அந்தக் கேட்காமையில்தான் இன்றுவரை சம்பளம் வாங்குகிறேன்.
ஆனால் எனக்குக் கால் இருந்தது, கார் இருந்தது.

அவர் படிவத்தை முடித்ததும் எழுந்தேன்.
சென்ற ஆண்டின் கொள்கைக் கையேடு,
நூற்று நாற்பது பக்கம்,
சம வாய்ப்பு என்று அட்டையில் பொன்னெழுத்து.
இரண்டாய் மடித்து
கதவின் அடியில் செருகினேன்.
நின்றது.

குளிர்க்காற்றெல்லாம் வெளியே போகிறதென்று
மேலாளர் கத்தினார்.
ஈக்கள் வந்தன, மாட்டு வாடை வந்தது,
சோளத் தூசி வந்தது.
பின்னாலேயே, வேலை உடுப்போடு,
காதில் செருகிய பஞ்சை எடுக்க மறந்து
இரண்டு பெண்கள் வந்தார்கள்,
கடை மூடிவிட்டதா என்று கேட்டபடி.

மணி ஐந்தாக ஆறு நிமிடம்.
பெயர் சொல்லுங்கள் என்றேன்.
பஞ்சு நினைவுக்கு வந்து
இன்னொரு முறை, சத்தமாக.