நுரை சொன்னால் சரி

கொரோனாக் காய்ச்சல் வந்துபோனதில்
என் மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை.
ஏஜென்சியில் சொல்லவில்லை.
சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம்
மூன்று லைனுக்கும் சிலிண்டர் போடுகிறவனுக்கு
கேஸ் வாடை தெரியாது என்றால்
வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது.
எங்கோ ஓர் ஆலையில்
நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்,
ஆள் உள்ளே வரும்முன் வாசலில் செருமுகிற மாதிரி.
அந்தச் செருமல் எனக்குக் கேட்காது.

அதனால் சட்டைப் பையில்
கண் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று.
உள்ளே பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தண்ணீரும்.
வாஷரைப் பார்த்து
ரெகுலேட்டரை அமுக்கி மாட்டித் திருகி
சுற்றிலும் நாலு சொட்டு.
நுரை சும்மா கிடந்தால் கையெழுத்து.
கடுகளவு ஒரு குமிழி
வந்து வந்து உடைந்தால்
அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"முன்னால வந்தவரு இதெல்லாம் செய்யல்லியே அண்ணாச்சி."
முன்னால் வந்தவருக்கு மூக்கு இருந்தது.

ஜெபக்கனி டீச்சர் அடுப்புக்கு மேலேயே
காலண்டர் தொங்கவிட்டிருக்கிறார்.
மார்ச் மாதம் ஓரத்தில் கருகியிருக்கிறது.
சொரிமுத்து வீட்டுச் சிலிண்டர்
சாயங்காலமானால் புரோட்டாக் கடைக்கு நடந்து போகும்.
எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.
ஆவுடைச்செல்வி வீட்டு ஆரஞ்சு டியூபில்
அச்சடித்த வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது.
வெடிப்பின்மேல் துணி சுற்றிச் சரடு கட்டியிருக்கிறாள்,
காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோல.
"அடுத்த புக்கிங்குக்குப் பார்ப்போம்" என்பாள்.
எட்டு புக்கிங் பார்த்துவிட்டேன்.

ஆறு தெருவுக்குள் ஏறிய மார்கழியில்
சிலிண்டர்கள் மிதந்து போயின.
காலியானது உருண்டு உருண்டு,
நிறைந்தது முதுகு மட்டும் தெரிய,
குளத்துக்குள் எருமை மாதிரி.
ஆவுடைச்செல்வி மாடிப்படியில் நின்றாள்.
தண்ணீர் தெருமுனையில் இருக்கும்போதே
மெயினை அணைத்து, சிலிண்டரை மேலே ஏற்றி,
பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாம்
ஓர் அரிசி டப்பாவுக்குள்.
மூடி வாயைச் சுற்றி இறுக்கமாய்
புத்தம் புதிய சைக்கிள் டியூப்.
அதைப் பார்த்து வாய்வரை வந்தது ஒரு வார்த்தை.
விழுங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது.
செத்த மீன், சாக்கடை, ஊறிய பாய்,
எது எந்த வீட்டுது என்று தெரியாத சேறு.
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
தெருவே வாரிக் கொட்டியது.
எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.
பாலத்தடியில் நின்று டீ குடிக்கையில் உறைத்தது:
இந்த வாடைக்குள் கேஸ் கசிந்தால்
இன்று யாருக்குத் தெரியும்?

டீயை வைத்துவிட்டு ஓடினேன்.

அவள் அடுப்படியில்
ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி.
நாலு நாள் காப்பி இல்லாத முகம்.
"பொறுங்க மைனி."
ரெகுலேட்டரில் நாலு சொட்டு. சும்மா கிடந்தது.
சரடை அவிழ்த்து, துணியைப் பிரித்து
வெடிப்பில் ரெண்டே சொட்டு.
குமிழி வந்தது.
உடைந்தது.
பக்கத்திலேயே இன்னொன்று, அதற்குப் பிறகு ஒரு கொத்து.

அவள் தீக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்தாள்,
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பதனத்தோடு.

ஜன்னல், கதவு, எல்லாம் திறந்து
வெளியே நின்றோம் வெகுநேரம்.
அப்புறம் பையிலிருந்த புது டியூபை மாட்டினேன்.
விலை கேட்டாள், கடன் சொன்னாள்.
காப்பி வந்தது.
சுடுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

"எனக்கு வாடை தெரியாது மைனி" என்றேன், ஏனோ.
"தெரியுமே" என்றாள்.
"ஆடி மாசம் பால் தீஞ்சு வீடே நாறுச்சு,
நீங்க பாட்டுக்கு நின்னு கையெழுத்து கேட்டீய."

"ஏஜென்சியில…" என்று இழுத்தேன்.

"அந்தக் குப்பிய இங்க வச்சிட்டுப் போங்க" என்றாள்.