இடது ஓரம்

மூன்றே முக்கால் மணிக்கு லிஃப்ட் காலி.
முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் கதவு மூடும்.
ஒன்பது மாடியும் இறங்கினோம்
பின்னங்காலில் நிற்கும் குதிரையும்
அதன் கழுத்தைப் பிடித்த ஆளுமாய்.
ஊர் திரும்பிய போலந்துக்காரர் ஒருவரிடம்
ஆயிரத்து எண்ணூறு திர்ஹாமுக்கு வாங்கியது.
ஹேண்டில்பாரில் அவர் சுற்றிய பச்சை நாடாவில்
அவர் பிடித்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

அல் குத்ராவில் தார் முடியும் இடத்தில்
ஜெனிட்டா நிற்பதாகப் பேச்சு.
வரவில்லை. குரல் செய்தி, பாதி கொட்டாவி.
சரி. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன்.
சரளைக்கு இறுக்கம் ஆகாது.

முதல் இரண்டு கிலோமீட்டர்
தகரக் கூரையின் மேல் ஓட்டுவது போல.
பல் கிட்டியது, சாவிக்கொத்து பிதற்றியது.
பிறகு மண் இளகி, சக்கரம்
அரிசி களையும் ஒலிக்கு இறங்கிற்று.
விளக்கு வட்டத்துக்குள் மட்டும் உலகம்:
ஒட்டகச் சாணம், யாரோ விட்டுப்போன லபன் பாட்டில்,
மிரண்டு நின்ற மானின்
இரண்டு பச்சைக் கண்கள்.

பனி விலகியபோது மரங்கள்.
காஃப் என்கிறது பலகை.
கிட்டே போய் இலையைத் தொட்டால்
வன்னி.
கோயில் மதிலுக்குள் ஒற்றையாய் நின்று
மஞ்சள் துணி சுமந்த மரம்
இங்கே கூட்டம் கூட்டமாய்,
ஒரு வேண்டுதலும் இல்லாமல்.
மூன்று சுற்று வந்தேன், சைக்கிளில்.
பக்தி என்று சொல்ல முடியாது.
வழி தவறிவிட்டது.

அதற்குப் பின்னால் ஏரி.
நகரத்தின் குளியலறைகளில் இருந்து இறங்கிய தண்ணீர்
வடிந்து, வெளுத்து, இங்கே வந்து கிடக்கிறதாம்.
போன வாரம் நான் தலைக்கு ஊற்றியதில் ஒரு சொம்பு
இந்தப் பூநாரைகளின் முழங்காலில் இருக்கலாம்.
பாலைக்குள் வைத்துத் தைத்த மருதம்.
தையல் தெரிகிறதுதான்.
உள்ளான்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஸ்ஸ் என்று யாரோ அதட்டினார்கள்.
பின்சக்கரம். வன்னி முள்.
மாற்று டியூப் இருக்கிறது, நெம்பும் பட்டை இருக்கிறது,
காற்றடிக்கும் பம்ப்
ஜெனிட்டாவின் பையில் இருக்கிறது.

அப்போதுதான் அவன் வந்தான்,
பிரேக் கட்டை தேய்ந்து, செயின் முனகும் சைக்கிளில்.
கேரியரில் ஒரு ஸ்பேனர், மூன்றடுக்கு டிஃபன்.
ஷஹாதத். நவகாளிப் பக்கம். பம்ப் ஹவுஸ் வேலை.
அவன் இந்தியும் என் இந்தியும்
பாதி வழியில் படுத்துக்கொள்ள,
மலையாளம் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது.

ஏரியை நிரப்புகிறவனுக்கு
ஒரு டியூப் எம்மாத்திரம்.
கால்பம்பை மிதித்தபடியே விலை கேட்டான்.
சொன்னேன்.
அவ்வளவு கொடுத்தும் பெல் இல்லையே, என்றான்.
சுற்றிவந்து பார்த்தான். ஸ்டாண்டும் இல்லை.
கேரியரும் இல்லை.
எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டான்.

கைப்பேசியில் வழியைக் காட்டினேன்.
மணல் நிறத்தின் மேல் ஓர் ஆரஞ்சுக் கோடு;
'அருமையான பாதை, நடுத்தரக் கடினம்'
என்று யாரோ குறித்து வைத்தது.
அதன் மேல் விரலால் மெதுவாய்ப் போனான்.
முதல் வால்வு. நாலாம் வால்வு.
இங்கே பாம்பு.
இங்கே மயங்கி விழுந்தேன், போன ஜூலை.
தினம் நான்கு தடவை போய்வருகிறான்
அந்தக் கோட்டில்.

கிளம்பும்போது சொன்னான்:
ஆறாம் வால்வு தாண்டினால் மணல் ஏமாற்றும்.
இடது ஓரம் பிடி.

பிடித்தேன்.
ஓரடி அகலத்துக்கு இறுகிய மண்.
வழுக்கை டயர் அழுத்திப் போன தடத்தின் மேல்
என் டயரின் கட்டங்கள் விழுந்தன.
வலப்புறம், பாதையின் நட்டநடுவில்,
யாரோ புதைந்து, இறங்கி, தள்ளிப்போன
ஷூக்காலடிகள்.

வீட்டில் செயலி கேட்டது:
இந்தச் சவாரியில் உடன் வந்தவர்?
ஷஹாதத் என்று தேடினேன்.
நூற்றுக்கணக்கில் வந்தார்கள்.
எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள்.

கைப்பேசியை வைத்துவிட்டுக் குளித்தேன்.
வழக்கத்தைவிடக் கூடுதலாய் ஒரு வாளி.
நாளை வேலை முடிந்து கடைக்குப் போகவேண்டும்,
ஒரு பெல் வாங்க.