வலமிருந்து ஆறு

பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வரிசை.
டி பத்தி முழுக்க முகவரிகள்.
ஒரே கட்டத்துக்குள் மாடி, சந்து, கோயில், பின்கோடு
காலை எட்டே கால் குர்லா வண்டிபோல
ஒன்றின் தோளில் ஒன்று.

கட்டம் என்பேன் நான்.
கோலி என்பாள் பக்கத்து இருக்கை ஷகுஃப்தா,
பத்துக்குப் பத்து, உள்ளே ஏழு பேர்.

நாளை பத்து மணிக்குள் பின்கோடு மட்டும் தனியாக வேண்டும்,
சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார் பராஞ்ச்பே சார்.
திரும்பி வந்த பார்சல்கள் பிவண்டிக் கிடங்கில்
கூரையைத் தொடுகின்றனவாம்.

ஆகவே ரைட். அடைப்புக்குறி. டி இரண்டு, கமா, ஆறு.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு,
எள் என்றால் எண்ணெய்.
மூலையைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினால்
கடைசி வரிசைவரை ஓடிப்போய் நிற்கும்.

ஓடியது. பார்த்தால்
தாராவி 00 017 ஆகிக் கிடக்கிறது.
நானூறுக்குப் பிறகு யாரோ மூச்சு வாங்கியிருக்கிறார்கள்.
செம்பூருக்கு ஐந்தே எண், ஆறாவது
கண்ணில் படாத ஒரு காலியிடம்,
எண்ணும்போது மட்டும் தானும் ஓர் எழுத்து.
சப்ஸ்டிட்யூட் போட்டேன்:
காலியிடம் இருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று வை.
இந்த ஊரில் காலியிடத்தை
இப்படி அள்ளி வெளியே கொட்டியவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்து பெயர்ப் பத்தி.
இடைவெளியைத் தேடு, அதற்கு இடப்பக்கம் முதல் பெயர்,
வலப்பக்கம் குடும்பப் பெயர்.
சும்மா என்னைப் போட்டுப் பார்த்தேன்: த.ஜெபக்கனி.
இடைவெளியே இல்லை, புள்ளிதான் இருக்கிறது.
வேல்யூ! என்று கத்தியது கட்டம்.
மதிப்பு, பிழை, இரண்டுக்கும் அதனிடம் ஒரே சொல்.
பாஸ்போர்ட் ஆபீஸிலும் கேட்டார்கள்,
இந்த த யாரு, புருஷனா?

வரிசை ஏழாயிரத்து இருநூற்றுப் பதினான்கு.
பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில்
பூச்சோ.
கேளுங்கள்.

இடப்பக்கம் நகர்ந்து முழுசாகப் படித்தேன்.
ரேஷன் கடைக்குப் பின்னால், இரண்டாவது குழாய் தாண்டி,
பச்சைக் கதவு, ஆள் இல்லையென்றால் தீதியைக் கேளுங்கள்.
எண் ஒன்றுகூட இல்லை.
சொன்னபடி வலமிருந்து ஆறு எடுத்திருக்கிறது சூத்திரம்,
ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியில்
அது கச்சிதமாக அந்த ஒரு சொல்.

ஒன்பது வருஷ வேலையில்
எந்தக் கட்டமும் என்னைப் பார்த்து
இதைச் செய் என்று சொன்னதில்லை.

கேட்டேன். எஃப் பத்தியில் கைபேசி எண் இருந்தது.
எடுத்தது தீதியேதான், பின்னால் குக்கர் விசில்.
ரேஷன் கடையா, இடித்து இரண்டு மழை போயாச்சு.
குழாயை அடைத்துவிட்டார்கள்.
கதவைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான்.
வந்தனா கோவண்டியில் இருக்கிறாள், ஏழாவது மாடி,
லிஃப்ட் ஓடாது, உங்கள் ஆளிடம் சொல்லிவிடு.

பின்கோடு?
போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ கத்தினாள்.
நாற்பத்துமூணு.
முன்னால் நிற்கும் நானூறை இங்கே யாரும் சொல்வதில்லை,
அது எல்லாருக்கும் பொது.

பார்சலில் என்ன இருக்கு?
தெரியாது தீதி.
அதற்குப் பத்தி இல்லை.

சூத்திரத்தை அழித்துக் கையாலேயே அடித்தேன், 400043.
அடித்ததுதான் தாமதம், கட்டத்தின் மேல்மூலையில்
கடுகளவு ஒரு பச்சை முக்கோணம்:
இந்தப் பத்தியில் மற்றவை போல இது இல்லை.

தட்டினால் வழி சொல்கிறது, பிழையைப் புறக்கணி.
மணி பத்தே கால்.
சாகிநாகா மெட்ரோ படியில் ஓடியே ஏற வேண்டும்.
முக்கோணத்தோடு சேமித்து மூடினேன்.

காலையில் பராஞ்ச்பே சார் திரையில் விரல் வைத்து
ஜெபா, இது என்ன பச்சையாக, என்பார்.

கேட்கட்டும்.