குறுக்குக்கல்

வனச்சாவடி நோட்டில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில்
நடப்பது என்று எழுதினேன்.
காவலர் அதைப் படித்தார்.
என் பையில் துருத்திக்கொண்டிருந்த
கைம்மண்வெட்டியையும் படித்தார்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கும்பக்கரையில் ஏறிக் கிளாவரையில் முடிய
ஐந்து நாள்.
ஐப்பசி மழை ஓய்ந்ததும்
மின்வாரியத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்.
இது பதினோராவது வருஷம்.
முதல் மூன்று வருஷம்
பாதை மலையோடு பிறந்தது என்றிருந்தேன்.
நாலாம் வருஷம் போனால் அது இல்லை.
வெள்ளகவிக்குக் கீழே ஏழாம் வளைவில்
இடுப்பளவுப் பள்ளம்,
அந்தரத்தில் வேர்கள்,
அடியில் ஒற்றைச் செருப்பு.

யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை.
வளைந்து இறங்க அலுத்து
வளைவுக்கு வளைவு நேரே சறுக்கிய கால்கள்.
அதில் இரண்டு என்னுடையவை.
நாங்கள் காட்டிய வழியிலேதான்
தண்ணீரும் வந்திருந்தது.

அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்.
உண்ணிமுள்ளை வெட்டிக் குறுக்குவழியின் வாயில் அடைப்பது.
மேலே, வட்டக்கானலைத் தாண்டி
விழுந்து கிடக்கும் வேட்டில் மரத்தை
ஆள் நுழையுமளவு அறுப்பது.
(முழுக்க அறுக்கமாட்டேன். பைக் வந்துவிடும்.)
பாறைகளில் யாரோ அடித்த மஞ்சள் அம்புகளை
தேங்காய் நாரால் தேய்ப்பது.
ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.
ஒரு மூடுபனியில் அது என்னைத் திருப்பிவிட்டது.

ஏழாம் வளைவில் போன வருஷம்
ஒரு கல் போட்டேன்.
இரண்டு மணி நேரம் உருட்டி, பாதைக்குக் குறுக்கே,
அளவெடுத்தாற்போல் நேராக.
ஊருக்குத் திரும்பியும்
அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஜெயபாண்டி எதிரே வந்தான்.
நாலு குதிரை, ஆறு சிலிண்டர் காலி,
சட்டைப்பையில் பாடும் போன்.
“இதுக்கு எவ்வளவுக்கா தர்றாக?”
யாரும் தரவில்லை என்றேன்.
“அதான பாத்தேன்.
வருஷத்துல ஒருநா வந்து கல்லப் போட்டுட்டுப் போயிர்றீக.
மிச்ச நாளெல்லாம் நாங்கதான் தாண்டுறோம்.
செவலைக்கு மொழங்கால் பேந்துபோச்சு.”

செவலையின் முழங்காலைப் பார்த்தேன்.
மஞ்சள் அப்பியிருந்தது.
அது என்னைப் பார்க்கவில்லை.
ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
அதற்குள் மணிகள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டன.

ஏறிப் போய்ப் பார்த்தால்
கல் இடத்தில் இல்லை.
நாலு முழம் கீழே கிடந்தது.
கிடக்கவில்லை,
சாய்த்து நட்டிருந்தது,
பள்ளத்துப் பக்கம் முகம் திருப்பி,
குதிரை கால் தூக்காமலே தாண்டுமளவு புதைத்து.
தண்ணீர் அதன் தோளில் முட்டி
சத்தமில்லாமல் பெரணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
வெட்டுத்தடங்கள் எல்லாம்
இடப்பக்கமிருந்து விழுந்திருந்தன.
இடக்கைக்காரர்.
ஜெயபாண்டி குதிரைக்கயிறு பிடிப்பது வலக்கையில்.

கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தது.
என் கல்.

பிறகு குந்தி உட்கார்ந்து
அவர் விட்டிருந்த ஒரு இடுக்கைக் கண்டுபிடித்தேன்,
சந்தோஷமாக.
உள்ளங்கையளவு சல்லியை அதில் செருகி
குதிகாலால் இறுக்கினேன்.
அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டு
வெள்ளகவி எல்லையில்
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.
அந்த ஊருக்குள் செருப்புக்கால் ஆகாது.
வெறும் பாதத்தில் கூழாங்கல் உறுத்தியபோது
செவலை ஞாபகம் வந்தது.

மூன்றாம் ராத்திரி பூம்பாறையில் மழை.
பூண்டு மூட்டைகளுக்கு நடுவே படுத்து
தகரத்தில் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அங்கேயும் பெய்கிறதோ என்னவோ.
சல்லி நிற்கலாம். தெறித்துப் போயிருக்கலாம்.
அதுவும் சரியில்லையென்று
தை மாதம் ஒரு இடக்கை
பிடுங்கி எறியலாம்.

எறியட்டும்.
எறிகிறவர் பள்ளத்துப் பக்கம் எறிய வேண்டும்,
பாதையில் அல்ல.