மீண்டும் முயல்

வத்தளையில் ஆணி நிறுக்கும் தயாபரன்
நேற்றிரவு ஒரு லிங்க் அனுப்பியிருந்தான்.
"முயல் கடை திரும்ப வந்திருக்கு.
ஆனா ஓட்டைய அடைச்சிட்டானுங்க."

சாப்பாட்டு நேரம். தோட்டத்து ஆபீஸ்.
ரொட்டிக்கும் கட்டச்சம்பலுக்கும் நடுவில்
போனைச் சாய்த்துவைத்து இறக்கினேன்.
மஸ்கெலியாவில் மழையென்றால் சிக்னல் ஒரு கோடு.
நூறு சதவீதம் ஆவதற்குள்
ரொட்டி வறண்டுவிட்டது.

அப்போது அது சதுரங்களால் ஆன முயல்.
ஆறாம் ஆண்டில் நாற்பத்தொரு பிள்ளைகள்,
இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கு மவுஸ் இல்லை.
சப்பாத்தை வெளியே கழற்றி
நனைந்த மேஸோடு உள்ளே போனால்
அந்த அறைக்கு மட்டும் ஒரு வாசம்,
புது பிளாஸ்டிக்கும் எங்கள் காலும் கலந்து.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
முயல் தராசில் ஒரு கூடை வைக்கும்.
எத்தனை கிலோ என்று நாங்கள் அடிக்கவேண்டும்.
கூடைக்குள் சிவப்பாய் இருப்பது தக்காளி என்பாள் நிரோஷினி,
இல்லை என்பான் தயாபரன், என்னவென்று சொல்லமாட்டான்.
பதில் தாமதித்தால்
பின்னங்காலால் காதைச் சொறியும் முயல்.
தப்பென்றால் "ட்ரை எகேன்."
அதுதான் முயலின் பெயரென்று
ஒரு தவணை முழுக்க நம்பியிருந்தேன்.

பதினெட்டுக் கிலோக் கூடையில்தான் ஓட்டை.
தயாபரன் அவசரத்தில் பதினாறு என்று அடித்தான்.
டிங் என்று மணி. முயல் கைதட்டியது.
மறுபடி அடித்தான். மறுபடி டிங்.
"அடேய், இது நம்ம மடுவத்துத் தராசுடா!"
மவுஸ் இல்லாத கம்ப்யூட்டருக்குப் பின்னால்
நின்றவர்களும் சிரித்தார்கள்.
எல்லார் வீட்டிலும் அந்தக் கணக்கு இருந்தது:
பதினெட்டு எடுத்தால் பேர்.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று போனால்
அரைப்பேர்.

வென்றவர் பட்டியலில் நான்கு எழுத்துக்குத்தான் இடம்.
டி, எச், ஏ, வை என்று அடித்துவிட்டு
"எனக்கும் அரைப்பேர்தான்" என்றான்.
நாங்கள் அதைத் தாய் என்று வாசித்தோம்.
ஐந்து வருடம் முதலிடத்தில் இருந்தாள் தாய்,
கம்ப்யூட்டருக்குள் எறும்பு குடியேறும் வரை.

புது முயலுக்கு ஒவ்வொரு மயிரும் தெரிகிறது.
மூச்சு விடுகிறது. மீசை ஆடுகிறது.
அந்தச் சிவப்பு மாதுளையாம்.
தமிழ்கூடப் பேசுகிறது, எந்த ஊர்த் தமிழோ,
ரேடியோவில் தைல விளம்பரம் சொல்பவரைப் போல.
பதினோரு கூடை பொறுத்திருந்து
பதினெட்டு வந்ததும் பதினாறு என்று அடித்தேன்.
"மீண்டும் முயல்" என்றது முயல்.
இன்னொரு தரம். அதே.
மூன்றாம் தரம் உதவி வேண்டுமா என்று கேட்டது.
பிழைகள் திருத்தப்பட்டன என்று
கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.
பெயருக்கு இப்போது இடம் தாராளம்.
தயாபரன் என்று அடித்தேன்,
துணைக்கால் முதற்கொண்டு வாங்கிக்கொண்டது.

மணி நாலு. மடுவத்துக்கு லொறி வந்துவிட்டது.
பழைய தொங்குதராசு போய் மூன்று மாதம்.
புதியதில் பச்சை எண்கள்,
வயர் நேராக என் லப்டொப்புக்கு.
திரையில் கழிவு என்றொரு பெட்டி.
இரண்டு என்று நிரம்பியே வரும், சாம்பல் நிறத்தில்.
கர்சர் அதற்குள் போகாது.
போகுமா என்று பார்த்திருக்கிறேன்.

யோகராணி சாக்கை ஏற்றினாள்.
பதினெட்டு, துல்லியமாக.
திரை பதினாறு என்று எழுதிக்கொண்டு
டிங் என்றது.

தயாபரனுக்கு ஒற்றைக் கையால் அனுப்பினேன்:
"அடைக்கல. இங்கதான் இருக்கு."
ஒரு டிக்தான் விழுந்தது. ஆணி நிறுக்கிறான் போல.

"எத்தன மிஸ்?" என்கிறாள் யோகராணி.
இடுப்புப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
முயலாக இருந்தால்
இந்நேரம் காதைச் சொறிந்திருக்கும்.