இருபத்தைந்தா, இருபத்தாறா

காசிமேட்டில், ஐஸ் பேக்டரிக்கு எதிரே,
எங்கள் கேரம் மன்றத்துச் சுவரில் ஒரு கரும்பலகை.
மேலே பெயின்டில்: ‘இந்த நாளில்.’
கீழே சாக்பீஸில் என் கையெழுத்து.
சம்பளம், நாளுக்கு ஒரு டீ.

ஜூன் இருபத்தைந்து எனக்கு
இடம் போதாத நாள்.
முப்பத்திரண்டில் நம் முதல் டெஸ்ட்:
வெள்ளைக்காரனுக்குப் பத்தொன்பது ரன்னில் மூன்று விக்கெட்.
நாற்பத்தெட்டில் மழையால் தள்ளிப்போன ஒரு சண்டை,
நியூயார்க்கில், பதினோராவது ரவுண்டில்
ஒருவன் சரிய, நடுவர் பத்துவரை எண்ணினார்.
எழுபத்தெட்டில் அர்ஜென்டினா,
கிழித்த காகிதம் மழையாய் விழுந்த மைதானம்.
எண்பத்து மூன்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.
அதை மட்டும் மஞ்சள் சாக்பீஸில் எழுதுவேன்.

எழுதி முடித்துக் கை தட்டும்போது
நூருதீன் வந்து நின்றான்.
துறைமுகத்தில் கப்பல் நேரம் குறிக்கிறவன்,
மணியைப் பைசாபோல எண்ணுகிறவன்.
“இன்னாபா எழுதி வெச்சிருக்க?
சண்டை நடக்கும்போது அங்க ராத்திரி,
இங்க நாம பல்லு தேய்ச்சினு இருந்தோம். இருவத்தாறு.
அர்ஜென்டினா கோல் போட்டது
நம்ம கடிகாரத்துல நள்ளிரவு தாண்டி. இருவத்தாறு.
லண்டன்ல கப்பு கைக்கு வரும்போது
இங்க காலண்டர் தாள் தானா மாறியாச்சு.
உன் பலகைல நிக்கிறது
தோத்துப்போன அந்த முதல் டெஸ்ட் ஒண்ணுதான்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது.
பதில் மரியசூசையிடம் இருந்து வந்தது,
ஸ்ட்ரைக்கரில் இருந்து கண் எடுக்காமல்.
எண்பத்து மூன்றில் அவர் கடலில்.
படகில் ஏழு பேர், ஒரு டிரான்சிஸ்டர்.
நாம் எடுத்தது நூற்றெண்பத்து மூன்று,
அவர்களுக்கு ஒரே விக்கெட் போயிருந்தது,
பவுண்டரிமேல் பவுண்டரி,
அத்தோடு பேட்டரி செத்துப்போனது.
தோற்றுவிட்டோம் என்றே வலை இழுத்தார்கள்.
ஒருவன் சாப்பிடவில்லை.
ஒருவன் கேப்டனை அம்மா பேர் சொல்லித் திட்டினான்.
கரை சேர்ந்தது இருபத்தேழு விடியலில்.
ஐஸ் உடைக்கிறவன் சொன்னபோது
கேலி என்று நினைத்து அடிக்கப் போனார்களாம்.
“எங்களுக்கு இருவத்தேழுதான் ஜெயிச்ச நாள்” என்றார்,
சிவப்பைப் போட்டார்,
கூடப் போட வேண்டிய காயைத் தவற விட்டார்.

நான் பலகையை அழிக்கவில்லை.
கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.
அதில் எழுத நினைத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை:
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, இதே கூடம்,
பெண்கள் இறுதி ஆட்டம்.
ஐஸ் பேக்டரி கணக்கெழுதும் அமலோற்பவம்,
புளியந்தோப்பு பெனாசிர்.
இருவரும் இருபத்து நான்கு.
அமலோற்பவம் சுண்டிய கடைசி வெள்ளை
குழி விளிம்பில் போய்த்
தொங்கிக்கொண்டு நின்றது.
விழவில்லை.
கரண்ட் போய்விட்டது.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.
யாரும் மூச்சு விடவில்லை, பலகையைத் தொடவில்லை.
போன் வெளிச்சம் தேடும் சத்தம்.
அப்போது எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று
பள்ளத்தில் இறங்கி ஏறியது.
தரை நடுங்கியது.
இருட்டுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

வெளிச்சம் வந்தபோது குழியில் வெள்ளை,
கடிகாரத்தில் பன்னிரண்டு மூன்று.
ஆட்டம் அமலோற்பவத்துக்கா,
அந்த டிரெய்லர் டிரைவருக்கா?
விழுந்தது நேற்றா, இன்றா?
அன்று தொடங்கிய சண்டை
இருவருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளி போயும்
முடியவில்லை.
மார்க்கெட்டில் பார்த்தால் பெனாசிர் இன்னும் கேட்கிறாள்,
“எங்கடி லாரி?”

நூருதீன் என்னையே பார்த்தான்.
சாக்பீஸ் சுண்டுவிரல் நகம் அளவுதான் மிச்சம்.
எழுதினேன்:
‘2012. ஒரு வெள்ளைக் காய். தேதி’

அதற்குமேல் ஓடவில்லை.
வெளியே இன்னொரு டிரெய்லர்.
மேஜையில் மரியசூசையின் காய்கள்
லேசாக இடம் மாறின.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.