மாத முடிவு

கொள்ளுப்பிட்டி, ஆறாம் மாடி.
எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகி
என் கையெழுத்துக்குக் காத்திருந்தது:
கஜீபன், கணக்குப் பிரிவு, மூன்று பிழைகள்.

ஆதாரம் தேடித்தான் வாட்ஸ்அப்பைத் திறந்தேன்.
இரவு 11.42: "அந்த ஃபைல் என்ன மாதிரி?"
11.43: "இப்ப அனுப்புறன் மிஸ்."
போயா நாள், விடிய 5.10:
என்னுடைய வெறும் கேள்விக்குறி.
5.10: "ஓம் மிஸ்."
ஒரு நாளும் பிந்தவில்லை.
எப்போது தூங்கினான்?

கடிதத்தைக் கிழிக்கவில்லை, அது சினிமா.
லாச்சிக்குள் வைத்துவிட்டுக்
காலி வீதிக் கடையில் இரண்டு பிளேன்டீ சொன்னேன்.
"நித்திரை வருதா?"
ஃபைலைப் பற்றித்தான் கேட்கிறேனாக்கும் என்று
"இண்டைக்கு முடிஞ்சிடும்" என்றான்.
பிறகு விளங்கி,
கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்
சீனி கரைந்து வெகுநேரம் ஆகியும்.

வியாழன் பின்னேரங்களில் டொக்டரிடம் போக லீவு,
காரணம் எழுதத் தேவையில்லை.
மாத முடிவில் பாதியை நானே எடுத்தேன்.
மேலிடம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

நேற்றிரவு பதினொன்றே கால்.
ஒரு இலக்கம் இடித்தது.
"கஜீபன், அந்த" வரை தட்டி
அழித்தேன்.
அவன் பெயருக்குக் கீழே
கடைசியாகப் பார்த்தது 9.20.
நல்லது.
எனக்குத்தான் இன்னும்
நித்திரை பழகவில்லை.